உள்ளே போவதே வெளியே வரும்



வளைகுடாவில் பிறந்த நம் பிள்ளைகளுக்குக் கல்யாணப் பேச்சு எழுந்ததும் ஜாதகத்தைத் தேடுகிறோம். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் கம்ப்யூட்டரில் கொடுத்தால் நொடியில் கட்டம் வந்துவிடுகிறது. ஆனால் நாம் கொடுப்பது எந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம்?

குவைத்தில் காலை 5 மணிக்குக் குழந்தை பிறக்கிறது. உடனே போன் வருகிறது. கும்பகோணத்தில் தாத்தா தம் கடிகாரத்தைப் பார்த்து 7.30 என்று குறித்துக்கொள்கிறார். அதில் பிழையில்லை, இந்திய நேரம் குவைத்துக்கு இரண்டரை மணி முன்னால், துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் ஒன்றரை மணி முன்னால். 25 ஆண்டு கழித்து அந்த நோட்டைப் பார்த்து, ஊர் குவைத், நேரம் 7.30 என்று பதிகிறார்கள். ஒரு லக்கினம் ஏறக்குறைய இரண்டு மணி நேரமே நிற்கும். ஆகவே லக்கினமே மாறிவிடுகிறது. கம்ப்யூட்டர் தவறவில்லை, கொடுத்ததைத் துல்லியமாகவே கணித்தது. அழகாக அச்சிட்டு வந்த தாளை யார் சந்தேகிப்பார்கள்? பொருத்தம் இல்லையென்று ஒரு நல்ல சம்பந்தம் கைநழுவிப் போகும்.

கணக்கிடும் இயந்திரத்தை வடிவமைத்த சார்லஸ் பாபேஜிடம், தவறான எண்களைக் கொடுத்தாலும் சரியான விடை வருமா என்று பிரிட்டிஷ் பாராளுமன்ற உறுப்பினர் இருவர் கேட்டதாக அவரே 1864இல் வெளியிட்ட நூலில் எழுதினார். படித்தால் சிரிப்பு வருகிறது. மனம் என்னும் இயந்திரத்திடம் நாமும் அதைத்தானே எதிர்பார்க்கிறோம்?

சாந்தோக்கிய உபநிஷதத்தில் ஸனத்குமாரர் நாரதருக்கு உபதேசிக்கும்போது, உள்ளத் தூய்மையும் நினைவின் உறுதியும் ஆகாரத் தூய்மையிலிருந்தே பிறப்பதாகக் கூறுகிறார். ஆகாரம் என்பது வாயால் உண்பது மட்டுமன்று, கண், காது முதலிய புலன்கள் வழியே நாம் உள்ளே வாங்குவதெல்லாம் ஆகாரமே என்று ஆதிசங்கரர் விளக்கம் தந்தார்.

குழந்தையை வாரம் ஒரு மணி நேரம் தேவார வகுப்புக்கு அனுப்புகிறோம். மற்ற நாளெல்லாம் சாப்பிடும் வேளையில் அதன் காதுபடவே மேலதிகாரியை ஏசுகிறோம், நாத்தனாரைக் குறை சொல்கிறோம். பின்பு, "இவனுக்கு இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது?" என்று வியக்கிறோம்.

பிறந்த நேரத்தைக் குறிக்கும்போது எந்த நாட்டு நேரம் என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஜாதகத்தில் பிழை நேர்ந்தால்கூட ஆஸ்பத்திரிக் குறிப்பைப் பார்த்து மறுபடி கணித்துவிடலாம். பிள்ளையின் மனத்தில் பதிந்துவிட்டதை அவ்வளவு எளிதில் அழித்து எழுத முடியாது. இன்றிரவு சாப்பிட உட்காரும்போது இதை நினைவில் கொள்வோம்.

எல்லாம் வல்ல இறைவன் நம் இல்லங்களில் நல்ல சொல் நிறைய அருள்புரிவானாக!