காக்கையும் பனம்பழமும்

மாத்திரை தொடங்கிய எட்டாம் நாள் உடம்பெங்கும் தடிப்பு. மாத்திரைதான் காரணமா? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம். காரணத்தைத் தேற ஒரு வழி உண்டு. ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும், இல்லையேல் இராது: இந்தியத் தருக்கம் இதை அன்வயம், வியதிரேகம் என்கிறது. பாதிப்புக்கு மருந்துதான் காரணமா என்று மதிப்பிட 1981இல் வெளிவந்த நரஞ்சோ அளவுகோலின் பத்துக் கேள்விகளில் சில இதே தடத்தில் செல்பவை. மருந்தை நிறுத்தியதும் தணிந்ததா? மறுபடி கொடுத்ததும் திரும்பியதா? நிலைத்த மருந்துத் தடிப்பில் விடையைத் தோலே சொல்லிவிடும்; அதே மருந்து மீண்டும் உள்ளே போனால் பழைய இடத்திலேயே திட்டு எழும். தோலைக் கடுமையாகத் தாக்கும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயிலோ மருந்தை மறுபடி கொடுத்துப் பார்ப்பது உயிரையே பறிக்கலாம்; அங்கே ஐயத்தோடுதான் முடிவெடுக்க வேண்டும்.

வைரஸால் வரும் சுரப்பிக் காய்ச்சலின்போது அமாக்சிசிலின் தந்தால் தடிப்பு வருவதுண்டு. காய்ச்சல் போனபின் அதே மருந்து பலருக்கு ஒன்றும் செய்வதில்லை. காரணம் தனி மருந்தில் இல்லை, வைரஸும் மருந்தும் சேர்ந்த கூட்டத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட காரணக் கூட்டத்தை நியாய மரபின் தருக்கவாதிகளான நையாயிகர் சாமக்கிரி என்பர்.