மணத்தைக் கேட்டல்

ஐம்பொறிகளுள் மூக்கினை அடக்குதல் எளிது என்று நாம் கருதுகிறோம். நாவிற்கு நோன்பு ஏற்கும் நாம், மணத்திற்கென நோன்பு ஏற்பது அரிது. நறுமணம் பற்றினை வளர்க்குமா, அன்றி உள்ளத்தை ஒருமைப்படுத்துமா? இவ்வினாவை ஆராய ஜப்பானியரின் நறும்புகைக் கலை நமக்குத் துணைசெய்யும்.

கி.பி. 595-இல் அவாஜித் தீவின் கரையில் பெரியதோர் மரக்கட்டை ஒதுங்கிற்று. அறியாது அதனை அடுப்பிலிட்ட மக்கள், புகையின் மணங்கண்டு வியந்து, கட்டையை அரசவைக்கு அளித்தனர் என்று 'நிஹோன் ஷோகி' என்னும் பழைய வரலாற்று நூல் கூறுகிறது. அது அகிற்கட்டை. பழந்தமிழ் மகளிர் கூந்தலுக்குப் புகையூட்டிய அகிலே ஆதலின், நமக்கும் அது புதியதன்று.

பௌத்த வழிபாட்டில் புகைக்கப்பட்ட அகில், 15-ஆம் நூற்றாண்டளவில் 'கோடோ' என்னும் கலைக்கு உரியதாயிற்று. இக்கலையில் புகை எழுவதில்லை. சிறு கிண்ணத்துச் சாம்பலுள் கனன்ற கரியைப் புதைத்து, அதன்மேல் அப்பிரகத் தகட்டை வைத்து, அரிசியளவான அகிற்சிராய் ஒன்றை இடுவர். கிண்ணத்தைக் கையால் கவிந்து மும்முறை முகர்ந்து, அடுத்தவரிடம் அமைதியாகத் தருவர். 'கெஞ்ஜிகோ' என்னும் ஆட்டத்தில், ஐவகை நறுமணப் பொருள்களை வகைக்கு ஐந்தாக 25 பொட்டலங்களாக்கிக் கலந்து, ஐந்தினை மட்டும் எடுப்பர். அவற்றுள் எவை ஒத்தவை, எவை வேறானவை என அறிதல் வேண்டும். விடைகள் 52 வகைப்படும். அலையும் மனத்திற்கு இது இயலாது.

நாரா நகரின் ஷோசோயின் கருவூலத்தில் 'ரஞ்சதாய்' என்னும் அகிற்கட்டை உள்ளது. நீளம் 156 செ.மீ.; எடை 11.6 கிலோ. 1574-இல் ஓடா நொபுனாகாவும், 1877-இல் மெய்ஜிப் பேரரசரும் அதில் துண்டு கொண்டனர். வல்லமை மிக்கோரும் சிறிதளவே கொண்டமையால் கட்டை இன்றும் எஞ்சி நிற்கிறது.

மணத்தை நுகர்வதை அவர்கள் 'கேட்டல்' என்பர். அவர்தம் 'கிகு' என்னும் சொல், நம் 'கேள்' போலவே, செவியுறுதலையும் வினவுதலையும் குறிக்கும். மணத்தைக் கேட்போர் அதன் பிறப்பையும் கேட்டல் வேண்டுமன்றோ?

அகில் மரம் காயமுற்று, பூஞ்சை புகுந்தபின் சுரக்கும் பிசினே அம்மணம். பிசின் உள்ளதா என்பது புறத்தே எளிதில் புலப்படாமையால், பிசினற்ற மரங்களும் வெட்டுண்டன. 1995 முதல் ஓர் அகில் இனத்திற்கும், பின்னர் 2004-இல் எடுத்த முடிவின்படி அகில் இனங்கள் அனைத்திற்கும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடு வந்தது. கலவை நறும்புகைகள் சிலவற்றில் கடல்நத்தையின் ஓட்டுமூடியும் சேர்கிறது. மரம் ஓரறிவுயிர், நத்தை ஈரறிவுயிர்.

"நம் கையிலிருப்பது உயிரற்ற சிராய்தானே" எனலாம். ஆயின், வாங்குவோர் விருப்பமே வெட்டுவோர் கைக்குக் கோடரியைத் தருகிறது. ஆகவே கவனம் மட்டும் அறமாகாது. கூர்ந்த கவனத்தோடு எவ்வளவு மிகுதியாகவும் நுகர இயலும்.

இல்லறத்தார்க்கு நம் அறநூல்கள் விதித்த போகோபபோக பரிமாணம், துய்க்கும் பொருள்களுக்கு எல்லை வகுக்கும் விரதம். மணமும் அவ்வெல்லைக்கு உட்பட்டதே. இல்லத்தில் ஊதுவத்தி ஏற்றுமுன், இதில் என்ன கலந்துள்ளது, எத்துணை போதும் என்று கேட்போமாக. சிராயளவில் நிறைவு காணும் உள்ளமே மணத்தை முழுமையாகக் கேட்ட உள்ளமாகும்.