கருவிலேயே கல்வி உண்டா?

கர்ப்பமாயிருக்கும் பெண்கள் மர்யம் ஸூராவும் யூஸுப் ஸூராவும் ஓதி வருவது நம் இல்லங்களில் நெடுநாளைய வழக்கம். வயிற்றிலிருக்கும் சிசு அதைக் கேட்டு ஸாலிஹான பிள்ளையாகப் பிறக்கும் என்பது நம் தாய்மார்களின் நம்பிக்கை. ஆனால், தாயின் வயிற்றிலிருந்து மனிதன் எதையும் அறியாதவனாகவே வெளிவருகிறான் என்று அந்நஹ்ல் ஸூராவின் 78-ஆவது ஆயத்து அறிவிக்கிறது. அப்படியானால் கருவில் கல்வி எங்ஙனம்?

அந்த ஆயத்தை இறுதிவரை ஓத வேண்டும். அறியாமையைக் கூறிய அல்லாஹுத்தஆலா, செவியையும் பார்வையையும் இதயத்தையும் தந்ததாக அதிலேயே கூறுகிறான். செவியே முதலில் வருகிறது. சிசுவின் செவி ஆறாம் மாதத்தை ஒட்டி ஓசைகளை உணரத் தொடங்குவதாக மருத்துவர்கள் கூறுகின்றனர். பிறந்து மூன்று நாட்கூட ஆகாத குழந்தைகள் பிற பெண்ணின் குரலைவிடத் தம் தாயின் குரலையே நாடுவதை 1980-இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். கர்ப்பத்தின் கடைசி ஆறு வாரங்களில் தாய் வாய்விட்டுப் படித்த கதையைப் பிறந்த குழந்தை விரும்பிக் கேட்பதை 1986-இல் டிகாஸ்பரும் ஸ்பென்ஸும் கண்டனர்.

அக்குழந்தை கதையின் பொருளையா அறிந்தது? இல்லை; ஓசையோடு பழகியிருந்தது, அவ்வளவே. இல்மு வேறு, பழக்கம் வேறு. ஆயத்துக்கும் ஆராய்ச்சிக்கும் இதில் முரண்பாடில்லை. தாய் ஓதும் குர்ஆனும் குழந்தைக்குப் பழகிய ஓசையாகலாம். அதைக் கற்பிக்கும் கடமையோ பிறந்த பின்னரே தொடங்குகிறது.

இங்கே இரு தவறுகளைத் தவிர்க்க வேண்டும். இன்ன ஸூரா ஓதினால் அழகு, இன்ன ஸூரா ஓதினால் அறிவு என்று சொல்வதற்கு ஸஹீஹான ஹதீஸ் இல்லை. ஓதுவது இபாதத், அதன் நன்மை தாய்க்கு உண்டு. அதைப் பேரமாக்கக் கூடாது.

மற்றொன்று, பிள்ளை மந்தமாகவோ முரடாகவோ இருந்தால், "வயிற்றிலிருக்கும்போது நீ ஓதவில்லை" என்று மருமகளைப் பழிப்பது. நூஹ் (அலை) அவர்களின் மகன் நபியின் வீட்டிலேயே வளர்ந்தும் ஈமான் கொள்ளவில்லை. இப்ராஹீம் (அலை) அவர்களோ சிலை வணங்கியவரின் வீட்டில் வளர்ந்து கலீலுல்லாஹ் ஆனார்கள். ஹிதாயத் அல்லாஹ்வின் கையில் இருக்க, ஒரு தாயின் மீது எப்படிக் குற்றம் சுமத்துவது?

ஓதச் சொல்லும் ஆண்களே! உங்கள் கடமை என்ன? கர்ப்பிணிக்கு ரமலான் நோன்பிலும் சலுகை உண்டென்ற ஹதீஸ் திர்மிதீயில் பதிவாகியுள்ளது. பர்ளான நோன்பிலேயே அவளுடைய உடல்நிலையைக் கவனித்த மார்க்கம், களைத்துப் படுத்திருப்பவளை எழுப்பி ஓத வைக்கச் சொல்லுமா? தாயின் உணவில் அயோடின் குறைந்தால் சிசுவின் மூளை வளர்ச்சி குன்றும். அயோடின் கலந்த உப்பும், மருத்துவர் எழுதித்தரும் இரும்புச்சத்து மாத்திரையும், போதிய உறக்கமும் கிடைக்கச் செய்வது பிள்ளையின் கல்விக்கு நீங்கள் செய்யும் முதல் செலவு. வயிற்றருகே ஒலிநாடாவைச் சுழல விடவும் தேவையில்லை. தாயின் குரல் அவளுடைய உடல் வழியாகவே சிசுவை எட்டுகிறது. வீட்டில் எழும் ஏச்சும் பேச்சும் அவள் உள்ளத்தை உலுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலவீனத்துக்கு மேல் பலவீனமாய்ச் சுமப்பவள் தாய் என்று லுக்மான் ஸூரா அவளைச் சிறப்பிக்கிறது. அச்சுமையை இலேசாக்குவோருக்கு அல்லாஹ் அருள் புரிவானாக! நம் மக்களை ஸாலிஹான மக்களாக ஆக்கி வைப்பானாக! ஆமீன்.