வேடம் கலைந்த பின்

கையேந்துவது இழிவென்று கருதும் கடை முதலாளி தட்டேந்தித் தெருத்தெருவாக வருகிறார். காவலரைக் கண்டால் ஒதுங்கி நிற்கும் கூலித் தொழிலாளி காக்கிச் சட்டை மாட்டிக் கம்பீரமாக நடக்கிறார். மன்னன் உண்டு, குறவன் உண்டு, கரடி உண்டு, காளியும் உண்டு. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில், முத்தாரம்மன் கோயில் தசராவையொட்டி ஆண்டுதோறும் காணும் காட்சி இது.

ஊருக்கு ஊர் தசராக் குழு. விரதமிருந்து, வேடமிட்டு, காணிக்கை திரட்டி, பத்தாம் நாள் கடற்கரையில் நடக்கும் சூரசம்காரத்திற்குக் கூடுகின்றனர். சென்னையிலிருந்தும் சிறப்புப் பேருந்துகள் ஓடுகின்றன. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கம் பிழைக்க வந்த தென்மாவட்டத்தாரும் செல்வதுண்டு.

அம்மன் வரம் தருவாளா என்ற வினாவுக்கு நம் விடை நாடறிந்தது. இங்கு நாம் கேட்பது வேறு. வேடத்தில் பிறக்கும் சமத்துவம், சமத்துவம் ஆகுமா?

ஆகும் என்பாரின் வாதத்தை அலட்சியம் செய்யலாகாது. பத்து நாள் பிச்சை ஏற்றவனின் செருக்கு சிறிதேனும் கரையாதா? பிறவியிலே உயர்ந்தவன், பிறவியிலே தாழ்ந்தவன் என்ற மனுவின் கூற்றை ஒரு கிண்ணம் அரிதாரம் பொய்யாக்கி விடுகிறதே! உயர்வும் தாழ்வும் உடன்பிறந்த தோலல்ல, மாட்டிக்கொண்ட சட்டையே என்பதை வேடம் மெய்ப்பிக்கத்தான் செய்கிறது.

ஆனால், அரிதாரம் முகத்தை மறைக்கிறது, சாதியை மறைக்கவில்லை. சாதிக் கொடியோ சாதி வண்ண ரிப்பனோ கொண்டுவரக் கூடாதென்று தசராக் குழுக்களுக்குக் காவல்துறை கட்டளையிட வேண்டியிருக்கிறதே, ஏன்? குறவர் வேடத்தைக் கண்டு கைதட்டுவோரில் எத்தனை பேர் உண்மைக் குறவரைத் தம் வீட்டுத் திண்ணையில் அமர வைப்பர்?

இந்நோய் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சு நகரில் மார்டி கிரா விழாவிற்கு அலங்கார ஊர்வலம் நடத்தும் மன்றங்கள் பல. 1857-இல் முதல் ஊர்வலம் கண்ட கோமசு அவற்றுள் மூத்தது. முகமூடியணிந்த வெள்ளையர் ஊர்தியில் வருவர். கறுப்பின மக்கள் தீப்பந்தம் சுமக்கலாம், உறுப்பினராக முடியாது. நம் ஊர்வலங்களில் பறையடிக்க ஓர் இனம், விளக்குச் சுமக்க ஓர் ஏழை என்று வைத்திருக்கவில்லையா? அதுபோலத்தான்! கறுப்பின மக்கள் 1909-இல் சூலு என்ற பெயரில் தமக்கென ஊர்வலம் கண்டனர்.

1991 திசம்பரில் நகரமன்றம், உறுப்பினர் சேர்ப்பில் வேற்றுமை காட்டும் மன்றங்களுக்கு எதிராகச் சட்டம் செய்தது. கோமசு கதவைத் திறந்ததா? இல்லை! மறு ஆண்டு முதல் ஊர்வலத்தையே நிறுத்திக்கொண்டது. தெருவில் எல்லாருக்கும் பாசிமணி வீசிய கை, மன்றத்தின் தாழ்ப்பாளை மட்டும் நீக்க மறுத்தது.

பாடம் இதுதான். தெருவில் கலந்து நிற்பது எளிது; வீட்டுக்குள் கலப்பது அரிது. முன்னது ஒருநாள் உவகை. பின்னது ஒவ்வொரு நாளும் செய்யவேண்டிய வேலை.

தோழர்களே, நாமும் ஊர்வலம் நடத்துகிறோம்; நமக்கும் மன்றங்கள் உண்டு. இந்த அளவுகோல் நமக்கும் உரியது. கொடி பிடித்து ஒன்றாக நடந்தோமா என்பதோடு நிறுத்தாதீர். மன்றத்தின் கணக்கு யார் கையில்? தலைமை நாற்காலி எந்தத் தெருவுக்கு? கூட்டம் கலைந்தபின் யார் வீட்டில் யார் உண்கிறார்? சாதி மறுத்து மணம் புரிந்தவர்கள் எத்தனை பேர்?

பத்து நாள் அரசனாக நின்றவன் பதினோராம் நாள் மனிதனாக மதிக்கப்பட வேண்டும். அதற்கு அம்மன் வேண்டியதில்லை; அரிதாரமும் வேண்டியதில்லை. நம் வீட்டுக் கதவு திறந்தால் போதும்!