அடிச்சவனோட அழுகை

ஷேன் மெடோஸ் எடுத்த ‘திஸ் இஸ் இங்கிலாந்து’ (2006) படத்தை மூணு தடவை பார்த்துட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல மனசு முரண்டு பிடிக்குது.

கதை 1983இல் நடக்கிறது. ஷானுக்குப் பன்னிரண்டு வயசு. அப்பா முந்தின வருசம் ஃபாக்லாந்து போரில் செத்துப்போனார். தனியாத் திரியும் பையனை வுடியின் ‘ஸ்கின்ஹெட்’ கூட்டம் சேர்த்துக்கொள்கிறது. தலையை மழித்து, பூட்ஸ் மாட்டி, ஆளாக்குகிறது. அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு கறுப்பன், ஜமைக்கா குடும்பத்து மில்கி.

ஸ்கின்ஹெட்னாலே நிறவெறியன்னு நினைக்கிறோம். 1960களின் கடைசியில் தொழிலாளர் குடியிருப்புகளில் இது கிளம்பியபோது, அவங்க ஆடினது ஜமைக்காக்காரர்களின் ஸ்காவுக்கும் ரெக்கேவுக்கும்தான். ஆனா அந்த முதல் தலைமுறையிலேயே பாகிஸ்தானியரைத் தேடிப்போய் அடிச்சவங்களும் இருந்தாங்க. பாட்டை எடுத்துக்கிறது வேற, ஆளை ஏத்துக்கிறது வேற.

சிறையிலிருந்து கோம்போ வருகிறான். எல்லார் முன்னாலயும் மில்கியிடம் கேட்கிறான்: நீ இங்கிலாந்துக்காரனா, ஜமைக்காக்காரனா? மில்கி தயங்கி, இங்கிலாந்துக்காரன் என்கிறான். கோம்போவுக்குச் சந்தோசம். அங்க இருக்கிற வெள்ளைப் பிள்ளைங்க யாரையும் அவன் இப்படிக் கேட்கவில்லை. கேட்கிற உரிமை ஒருத்தனுக்கு, பதில் சொல்ற கடமை இன்னொருத்தனுக்கு.

எனக்கு இது தெரியும். கல்லூரி விடுதியில் என்னோட ஒரே தட்டில் சாப்பிட்ட நண்பன் ஒருநாள் தோளில் கை போட்டு, “நீ அவங்க மாதிரி இல்லடா, எங்காளு மாதிரி”ன்னான். நான் சிரிச்சேன். பாராட்டுன்னே நினைச்சேன்.

கடைசியில் கோம்போ மில்கியைத் தன் வீட்டுக்குக் கூப்பிடுகிறான். சேர்ந்து கஞ்சா புகைக்கிறார்கள். மில்கி தன் குடும்பத்தைப் பற்றி, உறவுகள் கூடிச் சாப்பிடுவதைப் பற்றிச் சொல்லச்சொல்ல, கோம்போவின் முகம் மாறுது. தனக்குக் கிடைக்காத பாசம் இந்தக் கறுப்பனுக்கு எப்படிக் கிடைச்சது? அடி விழுகிறது. மில்கி நினைவிழந்து கிடக்க, கோம்போ குலுங்கிக் குலுங்கி அழுகிறான்.

முரண்டு இங்கதான். என் கண்ணிலும் தண்ணி வந்தது. யாருக்காக? அடிச்சவனுக்காக.

அவனும் பாதிக்கப்பட்டவன்தானேன்னு நண்பர்கள் கேட்கிறாங்க. உண்மை. தாட்சர் ஆட்சியில் வேலையில்லாதவர்கள் முப்பது லட்சத்துக்கு மேல். அந்தக் கோபத்தை நேஷனல் ஃப்ரண்ட் போன்ற கட்சிகள் அறுவடை செய்தன. ஆனா மில்கியும் அதே ஊரில், அதே காலத்தில்தானே வாழ்ந்தான்? அவன் யாரையும் அடிக்கலையே. வறுமை கோபத்தைத் தரும். அதை யார் மேல இறக்கலாம்னு கைகாட்டுறது வறுமை இல்லை. ஒருத்தனைத் தனக்குக் கீழே வைத்துத் தந்திருக்கிற சமூகம்தான் காட்டுது. காரணம் புரியறதும் மன்னிக்கிறதும் ஒண்ணில்ல. மன்னிக்கிறதா வேணாமான்னு மில்கிதான் சொல்லணும். படம் அவனைக் கேட்கவே இல்லை. அவன் பிழைச்சுக்குவான்னு ஷானின் அம்மா சொல்லித்தான் நமக்குத் தெரியுது. ஷான் கொடியைக் கடலில் வீசுகிறான். நல்லதுதான். ஒரு வெள்ளைப் பையன் புத்தி தெளிய, ஒரு கறுப்பு உடம்பு ரத்தம் சிந்த வேண்டியிருந்தது.

இருந்தாலும் மெடோஸை என்னால் தள்ளிவிட முடியவில்லை. தன் இளமைக்காலத்தை வைத்தே இந்தக் கதையைச் செய்தவர் அவர். கோம்போ பக்கம் போய் நின்ற பையனை ஒளிச்சு வைக்கலை. கடைக்கார ஆசியரை ஷான் வாய்கூசாமத் திட்டுறதையும் காட்டுகிறார். நம்ம ஊரில் ஆதிக்க சாதியில் பிறந்து எழுத வந்தவர்களில் எத்தனை பேர் தங்கள் பன்னிரண்டு வயசை இப்படித் திறந்து காட்டியிருக்காங்க? சேரியின் துயரத்தை எழுதுவாங்க. அன்னைக்குத் தன் கை என்ன செய்ததுன்னு எழுதமாட்டாங்க.

அவங்க எழுதட்டும். ஆனா மில்கியின் கதையை அவங்களால எழுத முடியாது. விடுதியில் நான் சிரிச்ச சிரிப்பை நான்தான் எழுதணும். இவ்வளவு நாள் எழுதலை.