யார் சொன்னது முடிந்துவிட்டதென்று?

தம்பி, திருவனந்தபுரம் சாலைத் தெருவில் அப்பா உட்கார்ந்த கல்லாவில் இன்று நீ உட்கார்ந்திருக்கிறாய். நகர நடுவைப் புதுப்பிக்கிறார்கள் என்று பேச்செடுத்தால், "மேலே எல்லாம் முடிவாயிடுச்சு அண்ணே, நாம சொல்லி என்ன ஆகப்போகுது?" என்கிறாய். நீ இப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் பில்டர் காத்திருக்கிறான். ஜேசிபி வருவதற்கு முன்பே உன் கடையைக் காலி செய்துவிடுகிறது இந்தப் பேச்சு.

முடிவானது எது? உன் கடையிலிருந்து பொடிநடையாகப் போனால் அட்டக்குளங்கரை அரசுப் பள்ளி. நூறாண்டு தாண்டியது. அதன் நிலத்தில் பேருந்து நிலையமும் வணிக வளாகமும் கட்ட ட்ரிடா என்னும் நகர வளர்ச்சி ஆணையம் திட்டம் போட்டது. நெரிசலைச் சொன்னார்கள், வளர்ச்சியைச் சொன்னார்கள். அதுவும் அன்று 'முடிவான' விஷயம்தான்! எதிரே வந்து நின்றவர்கள் யார்? பழைய மாணவர்கள், மரங்களை நேசித்தவர்கள், ஆசிரியர்கள். அவர்களுடன் கவிஞர் சுகதகுமாரி. அமைதிப் பள்ளத்தாக்குக்காகப் போராடிய அந்த அம்மா, எண்பதை ஒட்டிய வயதில் ஒரு பள்ளிக்கூடத்துக்காகக் குரல் கொடுத்தார். பள்ளி இன்றும் அங்கேயே நிற்கிறது. உனக்கு என்ன வயது, சொல்?

2012இல் வந்த நகரின் வரைவு மாஸ்டர் பிளானும் இப்படித்தான். வீடும் வயலும் பறிபோகும் என்று அஞ்சிய மக்கள் தெருவுக்கு வந்தார்கள். திட்டம் முடங்கியது.

புதுக் கட்டடமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கிழக்கே கோட்டையிலும் தம்பானூரிலும் மழைக்கு முழங்கால் தண்ணீர் நின்றதை நீயும் பார்த்தவன். 2015இல் 'ஆபரேஷன் அனந்தா' என்று ஓடைகளைத் தோண்டிப் பார்த்தபோது, மேலே எவ்வளவு கட்டியிருந்தார்கள் என்பது ஊருக்கே தெரிந்தது. ஓடையை மூடியவன் பில்டர் மட்டும்தானா? கடைப்பலகையை வெளியே நீட்டிய நமக்கும் அதில் பங்குண்டு. அதை ஒத்துக்கொண்டுதான் பேச்சைத் தொடங்க வேண்டும். அப்போதுதான் எதிரில் இருப்பவன் நம் பேச்சைத் தட்ட முடியாது.

உன் சரக்கு என்ன தெரியுமா? இந்தத் தெருவைப் பற்றி உனக்குத் தெரிந்தது! பதினெட்டாம் நூற்றாண்டில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சந்தை இது. தமிழர், மலையாளி, குஜராத்தி என்று பலரும் பிழைத்த இடம். இங்கே கடை வைத்திருந்த எழுத்தாளர் ஆ. மாதவன், தெருவையே எழுத்தாக்கினார்; 2015இல் சாகித்ய அகாதமி விருதும் பெற்றார். கல்லாவில் உட்கார்ந்தபடியே மனிதர்களைப் பார்த்தவர் அவர். சுமட்டுத் தொழிலாளி எந்தச் சந்தில் மூட்டையை இறக்கி மூச்சு வாங்குவான், பூக்காரம்மா எந்த நிழலில் உட்காருவாள், திருவிழா நாளில் கூட்டம் எங்கே முட்டும்? கண்ணாடி அறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வரைகிறவருக்கு இது தெரியாது. உனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைக் கட்டிக்கொண்டு நிற்பது பணிவல்ல தம்பி, பயம்!

பூக்காரம்மாவிடம் போய்ச் சொல்: 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அதே சட்டம் சொல்லும் நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேராவது வியாபாரிகளாக இருக்க வேண்டும். அந்த வியாபாரிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இது யாரோ போட்ட பிச்சையல்ல, பாராளுமன்றம் போட்ட சட்டம்! 1996இல் மக்கள் திட்டம் என்று தொடங்கி, வார்டு வரைக்கும் திட்டப் பணத்தைப் பற்றிப் பேச வைத்த மாநிலம் இது. இங்கே இருந்துகொண்டா 'நான் யார் கேட்க' என்கிறாய்?

எழுந்திரு. இன்று ராத்திரி கடையடைத்ததும் ஒரு சார்ட் பேப்பரை விரி. தெருவை வரை: எங்கே ஓடை, எங்கே நிழல், எங்கே கழிப்பறை இல்லை, தீயணைப்பு வண்டி எந்த மூலையில் திரும்ப முடியாது. பக்கத்துக் கடைக்காரனைக் கூப்பிடு, அவன் போட்டியாளனாகவே இருந்தாலும். சுமட்டுத் தொழிலாளியை உட்காரவை, அவன் கையில் பென்சிலைக் கொடு. ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் கொடு, வாங்கியதற்கு ரசீது கேள். அடுத்த வார்டுக் கூட்டத்தில் அந்தத் தாளை மேசையில் விரித்துவிட்டு நேராகக் கேள்: "உங்கள் புது வளாகத்தில் லாரி எங்கே நிற்கும்? எங்கள் வாடகை எவ்வளவு? கட்டி முடிக்கும்வரை நாங்கள் எங்கே வியாபாரம் செய்வது?"