உட்புறத் தையல்

தைத்த துணிக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று ஊரார் காண்பது. மற்றொன்று உடுத்தியவரின் மேனி மட்டுமே அறிவது. பள்ளிக் கண்காட்சியில் ஒரு பிள்ளையின் தையல் வேலை மேசைமீது விரிக்கப்படும்போது நாம் முதல் முகத்தையே காண்கிறோம். பூவேலையின் நிறத்தை வியக்கிறோம். பக்கத்திலுள்ள பெயரட்டையைப் படிக்கிறோம். பரிசுச் சீட்டு ஒட்டியிருந்தால் இன்னும் சிறிது நேரம் நிற்கிறோம். துணியைப் புரட்டிப் பார்ப்போர் மிகச் சிலரே. அங்கே முடிச்சுகள் உள்ளன. ஒரு பூவிலிருந்து மற்றொரு பூவுக்குத் தாவிச் சென்ற நூல் உள்ளது. பிரித்துத் தைத்த இடத்தில் ஊசித்துளைகள் உள்ளன. பிள்ளை கற்றுக்கொண்ட வரலாறு முழுவதும் அப்புறத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அவ்வாறாயின் காட்சியில் மதிப்பிடப்பட வேண்டியது பொருளா, அதனைச் செய்த பிள்ளையா? சிறிய வினாவாகத் தோன்றினும், பிழைப்புக்காக ஊர் பெயர்ந்து வந்த நம் குடும்பங்களில் இது அடிக்கடி விடை வேண்டி நிற்கும் வினா.

தையல் என்னும் சொல் தமிழில் அழகையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும். இது கொண்டு தையலைப் பெண்டிர்க்கே உரிய பொழுதுபோக்கு எனக் கருதுவாரும் உளர். நம் இலக்கியம் அதனை ஊரறிந்த தொழிலாகவே கண்டது. சிலப்பதிகாரத்தின் இந்திர விழவூரெடுத்த காதை, புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தை வருணிக்குமிடத்துத் துணி தைக்கும் துன்னகாரரையும் தோல் தைப்போரையும் அடுத்தடுத்து நிறுத்துகிறது. விழாவைப் பாட வந்த இளங்கோவடிகள், கைவினைஞர் வாழும் பகுதியை முதலில் நமக்குக் காட்டிவிடுகிறார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து தோல் பதனிட்டவரின் வழியினரும், அங்குள்ள தையற் பட்டறைகளில் எந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவரும் தாம் அறியாமலே அந்தப் பழைய வரிசையில் நிற்பவர்கள்.

தொழிலாகத் தையல் கற்போரின் பயிற்சி தனி வகையானது. தையற்கடையில் சேர்ந்த சிறுவனுக்கு எந்திரத்தைத் தொடும் உரிமை எளிதில் கிட்டாது. பொத்தான் தைப்பதும், ஓரம் மடித்து ஹெம்மிங் செய்வதும், காஜா எடுப்பதும் அவன் பங்கு. அதனாலேயே அவனுக்குக் 'காஜா பையன்' என்று பெயர். காஜாவில் பொய் செல்லாது. இழைகள் நெருக்கமாக அமையாவிட்டால் சில சலவைகளிலேயே துளையின் ஓரம் பிசிறிவிடும். சட்டைக்குரியவர் மீண்டும் கடை வாயிலில் வந்து நிற்பார். தொழில் தெரிந்த மூத்த தையற்காரர் சட்டையை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பிப் பார்ப்பது அதனால்தான். ஆயினும் அச்சிறுவனின் பெயர் எந்தச் சட்டையிலும் இல்லை. காலரின் உட்புறத்தில் கடையின் பெயரே இருக்கும்.

தேவ்நாரில் இவ்விரு உலகங்களும் அருகருகே இருக்கின்றன. 1936இல் தோன்றிய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 1954 முதல் இங்கே இயங்கி, உழைப்போர் வாழ்வையும் ஆராய்ந்து வருகிறது. அடுக்குமாடி வீடுகளின் பிள்ளைகள் 'கார்யானுபவ்' எனப்படும் கைவேலைப் பாடத்துக்காகக் கைக்குட்டையின் ஓரம் மடித்துத் தைப்பர். சற்றுத் தொலைவில், கோவண்டியின் ஜரிகைப் பட்டறைகளில் 'அட்டா' என்னும் மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, அதன் இருமருங்கும் குனிந்தமர்ந்து பூவேலை செய்வர். 2005இல் மும்பையின் இத்தகைய பட்டறைகளிலிருந்து ஏராளமான சிறுவர்கள் மீட்கப்பட்டனர். கையில் இருப்பது ஊசிதான். ஒருவனுக்கு அது பாடம், மற்றொருவனுக்கு அதுவே பள்ளியைப் பறித்த கருவி. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயது நிறையாதோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடுக்கிறது; எனினும் பள்ளி நேரம் போக, ஆபத்தற்ற குடும்பத் தொழிலில் பிள்ளை உதவுவதற்கு இடமளிக்கிறது. உதவி எங்கே முடிகிறது, உழைப்பு எங்கே தொடங்குகிறது என்பது பெரும்பாலும் பெற்றோரின் மனச்சான்றுக்கே விடப்பட்டிருக்கிறது.

இந்த ஐயம் புதியதன்று. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலின் வழியாகவே கல்வியைத் தரவேண்டும் என்றார் காந்தியடிகள். பிள்ளைகள் செய்த பொருளின் வருவாய் ஆசிரியரின் ஊதியத்தைத் தாங்கட்டும் என்றும் விரும்பினார். மும்பைப் பொருளியலறிஞர் கே. டி. ஷா இதனை எதிர்த்தார். ஜாகீர் உசேன் தலைமையில் அமைந்த குழுவின் அறிக்கையே, பொருளீட்டும் நோக்கம் மேலோங்கிக் கல்வி நோக்கம் பலியாகிவிடக்கூடும் என எச்சரித்தது. அவர்கள் அஞ்சியது சந்தையை. இன்றைய பள்ளியில் அவ்வச்சத்துக்கு வேலையில்லை. சந்தையின் இடத்தில் பரிசு வந்து அமர்ந்துகொண்டது. 1977இல் ஈசுவர்பாய் படேல் குழு, 'சமூகப் பயனுள்ள ஆக்கப்பணி' என்று கைவேலைக்குப் புதுப்பெயர் சூட்டியது. அதன் ஆங்கில முதலெழுத்துகளைப் 'பயனுள்ள சில பாடவேளைகளை வீணாக்குதல்' என்று விரித்துரைத்து மாணவர் நகைத்தனர். குழு அறிக்கைகளில் காணாத உண்மை சில வேளைகளில் மாணவரின் நகைப்பில் கிடைப்பதுண்டு.

எவ்வாறு வீணாகிறது? கண்காட்சிக்கு இரண்டு நாளே இருக்கும். பிள்ளையின் தையல் கோணியிருக்கும். மறுநாள் கணக்குத் தேர்வு. "நீ போய்ப் படி கண்ணா, இதை நான் முடித்து வைக்கிறேன்" என்று தாய் துணியை வாங்கிக்கொள்கிறாள். அல்லது தந்தை தெருமுனைத் தையற்கடையில் கொடுத்துத் தைத்து வாங்கி வருகிறார். இதனை வஞ்சனை என்று சொல்ல நா எழவில்லை. அன்பு அதில் இருக்கிறது, அச்சமும் இருக்கிறது. மராத்தியும் இந்தியும் ஒலிக்கும் பள்ளியில் தம் பிள்ளை பின்வரிசையில் நின்றுவிடக் கூடாது என்னும் அச்சம் அது. அங்கே கிடைக்கும் ஒரு சிறு பரிசும், வந்த ஊர் நம் குடும்பத்துக்கு அளித்த நற்சான்றாகத் தாய்க்குத் தோன்றும். தையற்கூலி கொண்டு மகனைப் படிக்கவைத்த தந்தைக்கோ, அவன் ஊசி பிடிக்காதிருப்பதே தம் முதுகு வளைந்ததன் பயனாகத் தோன்றும். அவர்மீது குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆயினும் பிள்ளை கற்றுக்கொள்வது யாது? மேடையேறிப் பரிசு பெறும்போது, அந்தக் கைதட்டல் தனக்குரியதன்று என்பதை அவன் நன்கறிவான். கூலி கொடுத்தால் பிறர் உழைப்பின்மேல் தன் பெயரை எழுதிக்கொள்ளலாம் என்பதையும் அறிந்துகொள்கிறான். இரண்டாவது பாடமே கொடிது என்பேன். காஜா பையனின் பெயரை மறைத்த உலகத்தில் அவனும் பத்து வயதிலேயே ஒருவனாகிவிடுகிறான். கோணல் தையலோடு தோற்றிருந்தால் அவனுக்கு இழப்பு ஒரு கிண்ணம் மட்டுமே.

அப்படியாயின் தாய் கைபிடித்துக் காட்டுவதும் குற்றமா என்று கேட்கலாம். ஊசியில் நூல் கோப்பது முதற்கொண்டு யாவும் ஒருவர் காட்ட மற்றவர் கற்பனவே. காட்டியவர் தாம் தைத்ததைப் பிரித்துவிட்டுத் துணியைப் பிள்ளையிடம் திருப்பித் தருகிறாரா என்று பார்த்தால் போதும்.

அமெரிக்க நாட்டின் மாவட்டத் திருவிழாச் சந்தைகளில் இவ்வினாவுக்கு ஒரு விடை கண்டிருக்கிறார்கள். 1902இல் ஒகையோ மாநிலத்தில் ஏ. பி. கிரகாம் என்னும் கல்வி அலுவலர் தொடங்கிய இளையோர் குழுவை 'ஃபோர் எச்' இயக்கத்தின் தோற்றமாகக் கொள்வர். தலை, உள்ளம், கை, உடல்நலம் ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்தால் அமைந்த பெயர் அது. அவ்வியக்கத்துப் பிள்ளைகள் தாம் தைத்த உடைகளைச் சந்தைக்குக் கொண்டுவருகின்றனர். அங்கே பெரிதும் வழங்கும் 'டேனிஷ் முறை'யில் ஒருவர் உடையை மற்றவர் உடையோடு ஒப்பிடுவதில்லை. வகுத்துவைத்த தரத்தோடு ஒப்பிட்டு, நீலம், சிவப்பு, வெள்ளை நாடாக்களுள் ஒன்றைத் தருகின்றனர். பத்துப் பேரும் செம்மையாகத் தைத்திருந்தால் பத்துப் பேருக்கும் நீலம். நடுவர் உடையின் உட்புறத்தையும் திருப்பிப் பார்க்கிறார். பல இடங்களில் பிள்ளையை எதிரே அமர்த்தி, எவ்வாறு செய்தாய், எங்கே இடர்ப்பட்டாய் என்று வினவுவதும் உண்டு. விலைக்கு வாங்கிய உடையோடு வந்த பிள்ளை அங்கே என்ன சொல்லும்? அந்நாட்டிலும் பெற்றோர் பெற்றோரே. உதவி எல்லை மீறுவது இல்லாமலிராது. எனினும் அந்தக் கேள்வி ஒன்று இருப்பதாலேயே பிள்ளையின் கைக்குத் துணி திரும்பி வர வாய்ப்பு மிகுகிறது.

நம் நகரிலும் மறைந்திருந்த பக்கம் ஒருமுறை வெளியே வந்ததுண்டு. 2015இல் தாராவியில் 'ஸ்நேகா' என்னும் தொண்டு நிறுவனம் நடத்திய கலைக்காட்சியில், வீட்டுக்குள் பெண்கள் படும் துன்பத்தை ஊசியும் நூலும் கொண்டு சொன்ன படைப்புகளும் இடம்பெற்றன. அழகுக்காக மட்டும் தையலைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது புதிய காட்சி.

சங்க விழாக்களில் பிள்ளைகளின் கைவேலைகளை வைக்கும்போது, துணியை மேசையில் விரிக்காமல் இருபுறமும் தெரியக் கொடியில் தொங்கவிடலாம். பிரித்துத் தைத்த இடத்தை மறைக்க வேண்டுவதில்லை. பிள்ளை அருகிலேயே நிற்கட்டும்; வருவோர் கேட்கட்டும். பெயரட்டையைச் சற்றுப் பெரியதாக வெட்டினால் உதவியவர் பெயருக்கும் இடமிருக்கும். அளவெடுக்கக் கற்பித்தவர் அம்மா என்றும், பாபினில் நூல் சுற்றித் தந்தவர் பாட்டி என்றும் பிள்ளை தன் கையாலேயே எழுதலாம். காஜா எடுத்துக் காட்டிய தெருமுனைத் தையற்கடை அண்ணாச்சியின் பெயரும் அதில் வரலாம். கடையின் பெயரன்று, அவருடைய பெயர்.